சொல்லுக்கு விலை வந்த கதை

வலை வணிக வரலாறு – அத்தியாயம் 9

1998 பிப்ரவரியில், கலிஃபோர்னியாவின் மான்டரே நகரில் நடந்த டெட் மாநாட்டில் பில் கிராஸ் என்ற தொழில்முனைவர் ஒரு புதிய தேடுபொறியை அறிமுகப்படுத்தினார். அதன் பெயர் கோடூ டாட் காம். அதில் எந்தச் சொல்லைத் தேடினாலும், அந்தச் சொல்லுக்கு யார் அதிகப் பணம் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாரோ அவருடைய தளம் முதலில் வரும். அவருக்கு அடுத்த தொகையைச் சொன்னவர் இரண்டாவது. ஒரு கிளிக்குக்கு அவர்கள் எத்தனை சென்ட் தருகிறார்கள் என்பதும் ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்திலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி போட்டிருக்கும்.

கேட்டவர்களில் பலருக்கு அது கசந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓபன் டெக்ஸ்ட் என்ற கனடா நிறுவனம் தேடல் முடிவுகளில் இடத்தை விற்கப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியிருந்தது. விளம்பரம் ஓரத்தில் பேனராக இருந்துவிட்டுப் போகட்டும், தேடிய கேள்விக்கான பதிலையே விலைக்கு விடுவதா என்பதுதான் அன்றைய பொதுக்கருத்து.

கிராஸ் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அன்றைய தேடுபொறிகள், ஒரு பக்கத்தில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்பதைத்தான் பெரிதாக மதித்தன. இது தெரிந்தவர்கள் பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு தடவை அடித்து வைத்தார்கள். வாசகர் கண்ணுக்குத் தெரியாது, இயந்திரம் படித்துக்கொள்ளும். கண்ணுக்குப் புலப்படாத மெட்டா குறிப்புகளில், தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத பிரபலங்களின் பெயர்களைத் திணித்தார்கள். தேடல் முடிவுகளில் ஒரு தளத்தை மேலே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. என்ற தொழில் கூகுளுக்கு முன்பே பிறந்துவிட்டது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பத்திரிகையாளரான டேனி சல்லிவன் தேடுபொறிகள் எப்படி வேலை செய்கின்றன என்று தள உரிமையாளர்களுக்கு விளக்கத் தொடங்கியது 1996இல். கூகுள் நிறுவனமாகப் பதிவானது 1998 செப்டம்பரில்தான்.

கிராஸின் வாதம் இந்தக் குப்பையிலிருந்து எழுந்தது. ஒவ்வொரு கிளிக்குக்கும் கைக்காசு போகும் என்றால், தன் சரக்குக்குச் சம்பந்தமில்லாத சொல்லின் கீழ் யாரும் கடை போடமாட்டார்கள். பணமே சல்லடையாக வேலை செய்யும் என்றார். வியாபாரத் தேடல்களைப் பொறுத்தவரை அது பெருமளவு சரியாகவே இருந்தது. கோடூ 2001இல் ஓவர்ச்சர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2003இல் அதை யாஹூ சுமார் 163 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. ஆனால் இதன் நெடுநாள் விளைவு வேறு. ஆங்கிலத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் இன்று என்ன விலை என்று பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு சந்தை உருவாகிவிட்டது. அதற்கு முன்பு எழுதுகிறவருக்குத் தன் தலைப்பு வாசகருக்குப் பிடிக்குமா என்ற கவலை மட்டும்தான். இனி அந்தத் தலைப்பு ஒரு கிளிக்குக்கு எவ்வளவு தரும் என்பதும் கூடவே வந்து நின்றது.

கூகுளின் நிறுவனர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் இந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். ஸ்டான்ஃபோர்டில் 1998இல் தங்கள் தேடுபொறியை விவரித்து எழுதிய ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பர வருமானத்தில் வாழும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும், தேடுகிறவரின் தேவையிலிருந்து விலகும் என்று தாங்களே எழுதியிருந்தார்கள். தேடலின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான எச்சரிக்கை எனக்குத் தெரிந்து இல்லை.

2000 அக்டோபர் 23 அன்று கூகுள் 350 விளம்பரதாரர்களோடு ஆட்வேர்ட்ஸைத் தொடங்கியது. கடன் அட்டை இருந்தால் போதும், யாரையும் போய்ப் பார்க்காமல் தானே விளம்பரம் போட்டுக்கொள்ளலாம். முதலில் வந்தவர்களில் உயிருள்ள சிங்கி இறாலைத் தபாலில் அனுப்பி விற்கும் ஒரு சிறு வியாபாரியும் உண்டு. அப்போது கிளிக் கணக்கு கிடையாது. விளம்பரம் ஆயிரம் முறை காட்டப்பட்டால் இவ்வளவு என்பதுதான் கட்டணம்.

நிலைமையை மாற்றியது 2002 பிப்ரவரியில் வந்த, கிளிக்குக்கு ஏலம் கேட்கும் புது ஏற்பாடு. ஏலம் என்ற கருத்து கோடூ போட்ட பாதைதான். கூகுள் தன் காப்புரிமையை மீறியதாக ஓவர்ச்சர் வழக்குத் தொடுத்தது. 2004இல் கூகுள் 27 லட்சம் பங்குகளை, ஓவர்ச்சரின் புதிய உரிமையாளரான யாஹூவுக்குக் கொடுத்து அதைத் தீர்த்துக்கொண்டது. ஆனால் சலார் கமங்கர், எரிக் வீச் ஆகியோரின் குழு அந்த ஏலத்தில் செய்த திருத்தம் சாதாரணமானதல்ல. அதிகத் தொகை சொன்னவருக்கே முதலிடம் என்ற விதியை எடுத்துவிட்டு, தொகையையும் அந்த விளம்பரத்தை மக்கள் எவ்வளவு கிளிக் செய்கிறார்கள் என்பதையும் பெருக்கி வரிசைப்படுத்தினார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முதலாமவர் கிளிக்குக்கு 1 டாலர் தருகிறார். அவருடைய விளம்பரத்தை 100 பேர் பார்த்தால் ஒருவர் கிளிக் செய்கிறார். இரண்டாமவர் தருவது 50 சென்ட்தான், ஆனால் 100 பேரில் 3 பேர் கிளிக் செய்கிறார்கள். ஆயிரம் முறை காட்டினால் முதலாமவரால் 10 டாலர் வரும், இரண்டாமவரால் 15 டாலர். ஆகவே மேலே நிற்பவர் இரண்டாமவர். அவரும் முழு 50 சென்ட் தரவேண்டியதில்லை. போட்டியாளரை முந்துவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு, இந்தக் கணக்கில் ஏறத்தாழ 34 சென்ட், கொடுத்தால் போதும். தேடுகிறவர் விரும்பும் விளம்பரம் மேலே வருகிறது, விளம்பரதாரருக்கு மிச்சம், கூகுளுக்கும் அதிகம். மூன்று தரப்பும் ஒரே கணக்கில் பொருந்திய அபூர்வமான ஏற்பாடு இது. இந்த இடத்தில் கூகுளைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

அடுத்த ஆண்டு இந்த ஏலம் கூகுளின் சொந்தப் பக்கங்களைத் தாண்டியது. 2003 ஏப்ரலில் சான்டா மோனிகாவில் இருந்த அப்ளைட் செமான்டிக்ஸ் என்ற நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது. ஒரு பக்கம் எதைப் பற்றியது என்று இயந்திரமே படித்துப் புரிந்துகொள்ளும் நுட்பம் அதனிடம் இருந்தது. ஆட்சென்ஸ் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். சூசன் வோஜ்சிக்கியின் பொறுப்பில், 2003 ஜூனில் ஆட்சென்ஸ் எல்லாத் தள உரிமையாளர்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

அதுவரை ஒரு சிறு தளக்காரர் விளம்பரம் பிடிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் தானே கம்பெனிகளுக்கு எழுத வேண்டும், பேனர் வாங்க வேண்டும், பணத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். இப்போது சில வரி நிரலை வெட்டி ஒட்டினால் முடிந்தது. கூகுளின் இயந்திரம் அந்தப் பக்கத்தைப் படிக்கும். மீன்தொட்டி பற்றிய பக்கமென்றால் மீன்தொட்டி விற்பவரின் விளம்பரம் வந்து உட்காரும். யாராவது கிளிக் செய்தால் விளம்பரதாரர் தரும் தொகையில் ஒரு பங்கு தளக்காரருக்கு. கணக்கில் ஓரளவு பணம் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண் தபாலில் வரும். 100 டாலர் சேர்ந்தால் காசோலை. இதற்கு முன் உலகத்தில் எந்த ஊடகமும் தன் விளம்பரச் சந்தையை இப்படி வீட்டில் உட்கார்ந்து எழுதும் ஒரு தனி ஆளுக்குத் திறந்து வைத்ததில்லை. ரயில் மாதிரிகள் செய்கிறவர், செடி வளர்க்கிறவர், பழைய கேமரா சேகரிக்கிறவர் என்று ஆசைக்கு எழுதிக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்குத் தளத்தை நடத்தும் செலவாவது இதிலிருந்து கிடைத்தது. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு? கூகுள் சொல்லவில்லை. 2004இல் கூகுள் பங்குச்சந்தைக்கு வந்தது. அந்த ஆண்டின் சுமார் 319 கோடி டாலர் வருவாயில் கிட்டத்தட்டப் பாதி, ஏ.ஓ.எல். போன்ற பெரியவை உட்படப் பிறர் தளங்களில் ஓடிய விளம்பரங்களிலிருந்து வந்தது. அப்போதும் தளக்காரருக்குத் தன் விழுக்காடு தெரியாது. 2010 மே மாதத்தில்தான், பக்கங்களில் வரும் விளம்பரத்துக்கு 68 விழுக்காடு, தளத்தில் வைத்த தேடல் பெட்டி வழி வரும் விளம்பரத்துக்கு 51 விழுக்காடு என்று அறிவித்தது. 68 என்பது தொடக்கத்திலிருந்தே மாறவில்லை என்றும் சொன்னது. பங்கு தாராளமானதுதான். இருந்தும், ஏழு ஆண்டுகள் இத்தனை பேரைக் கூலி விகிதம் தெரியாமல் உழைக்க வைத்தது நியாயமல்ல. விகிதம் தெரியாதவரால் பேரம் பேச முடியாது. வேறிடம் போவதா வேண்டாமா என்று கணக்குப் போடவும் முடியாது. போவதற்கும் இடம் அதிகமில்லை. யாஹூ 2005இல் தொடங்கிய போட்டித் திட்டம் அமெரிக்காவைத் தாண்டாமலே 2010இல் மூடப்பட்டது.

சொல்லின் விலை எழுத்தை எப்படி வளைத்தது என்று பார்க்க ஒரே ஓர் உதாரணம் போதும். மீசோதீலியோமா. ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய். அமெரிக்காவில் இந்த நோயாளிகள் ஆஸ்பெஸ்டாஸ் பொருள்களைச் செய்த நிறுவனங்கள் மீது நஷ்ட ஈடு வழக்கு போடலாம், வென்றால் பெரிய தொகை வரும், வழக்கறிஞருக்கும் அதில் பங்கு. அதனால் அந்தச் சொல்லுக்கு வழக்கறிஞர்கள் போட்டி போட்டு ஏலம் கேட்டார்கள். ஒரே ஒரு கிளிக்கின் விலை பல பத்து டாலர்களுக்குப் போனது. விலை தெரிந்ததும் தளங்கள் முளைத்தன. மருத்துவம் படிக்காதவர்கள், அந்த நோயாளி ஒருவரைக்கூடப் பார்த்திராதவர்கள், வேறு இடங்களில் இருந்ததை மாற்றி எழுதிப் பக்கங்கள் போட்டார்கள். அப்பாவுக்கு டாக்டர் சொன்ன நோயின் பெயரை எழுத்துக்கூட்டித் தேடிக்கொண்டு வரும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பக்கத்தில் கிடைப்பது அரைகுறைத் தகவல். அவள் அதில் நிறைவடைந்துவிட்டால் தளக்காரருக்கு நஷ்டம். நிறைவடையாமல் பக்கத்திலிருக்கும் விளம்பரத்தைத் தொட்டால்தான் வருமானம். பக்கம் எவ்வளவு மோசமோ அவ்வளவு காசு என்ற இந்தத் தலைகீழ்க் கணக்குதான், என் பார்வையில், ஆட்சென்ஸ் காலத்தின் ஆறாத புண்.

இப்படி விளம்பரத்துக்காகவே கட்டிய தளங்களுக்குத் தொழிலில் ‘மேட் ஃபார் ஆட்சென்ஸ்’ என்றே பெயர் விழுந்தது. பக்கத்தின் எந்த மூலையில் விளம்பரம் வைத்தால் அதிகம் கிளிக் விழும் என்று சூடான இடங்களைச் சிவப்பில் காட்டும் வரைபடத்தைக் கூகுளே தந்தது. விளம்பரத்தின் நிறத்தையும் எழுத்தையும் பக்கத்தின் எழுத்தோடு கலந்துவிடும்படி அமைத்தால் வருமானம் கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடமாயிற்று. சிலர் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். நான்கு விளம்பரங்களுக்கு நேர் மேலே நான்கு படங்களை வரிசையாக வைத்து, படமும் விளம்பரமும் ஒன்றே என்று வாசகரை நம்ப வைத்தார்கள். 2006 டிசம்பரில் கூகுள் அதைத் தடைசெய்தது.

நேர்மையாகச் சம்பாதித்தவர்களும் இருந்தார்கள், பெரிய அளவில். வான்கூவரில் தனி ஆளாக ஒரு துணைதேடும் தளத்தை நடத்திவந்த மார்கஸ் ஃபிரின்ட் 2006இல் தன் ஆட்சென்ஸ் காசோலையைப் படமெடுத்து வெளியிட்டார். இரண்டு மாதத் தொகை, ஒன்பது லட்சம் கனடா டாலருக்கு மேல். அதற்கு முந்தைய ஆண்டு ஜேசன் கலக்கானிஸ், தன் வெப்லாக்ஸ் நிறுவனத்துக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்ற வேகத்தில் ஆட்சென்ஸ் பணம் வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த நிறுவனத்தை 2005 அக்டோபரில் ஏ.ஓ.எல். வாங்கிக்கொண்டது. இந்த இரண்டு செய்திகளும் உலகம் முழுக்க எத்தனை பேரை வேலையை விடத் தூண்டியிருக்கும் என்று கணக்கெடுக்க வழியில்லை.

காசு கிளிக்கில் இருந்ததால் திருட்டும் கிளிக்கிலேயே நடந்தது. தன் தளத்து விளம்பரத்தைத் தானே அழுத்துவது, நண்பர்களை அழுத்தச் சொல்வது, கூலிக்கு ஆள் வைத்து அழுத்துவது. இந்தியாவில் வீட்டிலிருந்தபடியே விளம்பரங்களைக் கிளிக் செய்து சம்பாதிக்கும் கூட்டத்தைப் பற்றி டைம்ஸ் ஆஃப் இந்தியா 2004 மே மாதமே எழுதியது. அதே ஆண்டு டிசம்பரில் கூகுளின் நிதித் தலைவர் ஜார்ஜ் ரேயஸ், இணையப் பொருளாதாரத்துக்கு இதுவே மிகப் பெரிய அச்சுறுத்தல் என்றார். ஆர்கன்சாவில் ஒரு பரிசுப்பொருள் கடை தொடுத்த வழக்கில் 2006இல் 9 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது.

கிளிக் செய்ய ஆள் முதலில் தளத்துக்கு வரவேண்டுமே. அங்கேதான் எஸ்.இ.ஓ. மறுபடி கதைக்குள் வருகிறது. கூகுள் ஒரு பக்கத்தை மதிப்பிட, அதற்கு எத்தனை தளங்கள் இணைப்பு கொடுக்கின்றன, அவை எப்படிப்பட்டவை என்று பார்த்தது. பேஜ்ரேங்க் என்ற அந்த மதிப்பை 2000 டிசம்பரில் வந்த கூகுள் டூல்பாரில் ஒரு பச்சைக் கோடாக, 0 முதல் 10 வரை, யாரும் பார்க்க முடிந்தது. மதிப்பு எல்லோருக்கும் தெரிந்தபின் அதற்கும் சந்தை வந்தது. எண் கூடக் கூட இணைப்பின் விலையும் ஏறியது. ஒருவருக்கொருவர் இணைப்பு கொடுத்துக்கொள்வதற்கென்றே தளக் கூட்டங்கள் உருவாயின.

2003 நவம்பரில் கூகுள் தன் வரிசை முறையில் செய்த மாற்றத்துக்குத் தொழில்காரர்கள் ஃப்ளோரிடா என்று பெயர் வைத்தார்கள். கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும் வாரங்கள் அவை. அதுவரை முதல் பக்கத்தில் இருந்த சிறு கடைகள் பல ஒரே இரவில் காணாமல் போயின. சரக்கை வாங்கி அடுக்கியாயிற்று, ஆள் வரவில்லை. சொல்லைத் திணித்துப் பக்கம் கட்டியவர்கள் அடிவாங்கியது முறைதான். அவர்களோடு சேர்ந்து ஒரு குற்றமும் செய்யாத கடைக்காரர்களும் விழுந்தார்கள். காரணம் கேட்டுப் போக ஒரு வாசல் கிடையாது. இலவசமாக வரும் ஆட்களை நிறுத்தி எங்களை விளம்பரம் வாங்க வைக்கிறார்கள் என்ற சந்தேகம் அப்போது எழுந்து, இன்றுவரை அடங்கவில்லை. தேடலும் விளம்பரமும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும்வரை அந்தச் சந்தேகத்தை யாராலும் போக்க முடியாது. 1998 பின்னிணைப்பு சொன்னதும் இதைத்தானே.

இந்தக் காலகட்டத்தில் இந்தியாவிலிருந்து இதை நம்பி இறங்கியவர்களில் முன்னோடி அமித் அகர்வால். 2004இல் வேலையை விட்டுவிட்டு, ஆக்ராவில் இருந்துகொண்டு தொழில்நுட்பம் பற்றி ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். ஆங்கிலத்தில் என்பது முக்கியம். அமெரிக்க விளம்பரதாரர் ஏலம் கேட்ட ஆங்கிலச் சொல்லுக்கு ஆக்ராவில் எழுதினாலும் விலை உண்டு. தமிழ்ச் சொல்லை ஏலம் கேட்க அப்போது ஆளே இல்லை. தமிழில் வலைப்பதிவு எழுதும் கூட்டம் 2003 முதலே வளர்ந்துகொண்டிருந்தது. சமையல், சினிமா, மருத்துவம், இலக்கியம் என்று கொட்டிக் கிடந்தது எழுத்து. ஆனால் ஆட்சென்ஸ் ஏற்றுக்கொள்ளும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. பட்டியலில் இந்தி 2014 டிசம்பரிலும், வங்காளம் 2017 செப்டம்பரிலும், தமிழ் 2018 பிப்ரவரியிலும்தான் சேர்ந்தன. ஆங்கிலத்துக்கு வழி திறந்து பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் கழித்து. அந்த இடைவெளியில் எழுதிக் களைத்து விட்டுப்போன நல்ல தமிழ்ப் பதிவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. செர்வர் செலவுக்காவது ஏதாவது வந்திருந்தால் அவர்களில் சிலராவது தொடர்ந்திருப்பார்கள்.

ஆங்கிலத்தில் இதே காலத்தில் எதிர்த்திசையில் ஒரு மிகை நடந்துகொண்டிருந்தது. 2006இல் சான்டா மோனிகாவில் ரிச்சர்ட் ரோசன்பிளாட்டும் ஷான் கோலோவும் டிமாண்ட் மீடியாவைத் தொடங்கினார்கள். மீசோதீலியோமா தளக்காரர்கள் கைத்தொழிலாகச் செய்ததை இவர்கள் தொழிற்சாலையாக்கினார்கள். மக்கள் என்ன தேடுகிறார்கள், அந்தச் சொல்லுக்கு விளம்பரதாரர் என்ன விலை தருகிறார், ஏற்கெனவே எத்தனை பக்கங்கள் போட்டியில் உள்ளன என்ற மூன்றையும் ஒரு மென்பொருள் கூட்டிக் கழித்து, எழுதினால் லாபம் தரும் தலைப்புகளைக் கொடுக்கும். அந்தத் தலைப்புகளை வெளியாட்கள் எடுத்துக்கொண்டு எழுதுவார்கள். ஒரு கட்டுரைக்கு ஏறத்தாழ 15 டாலர். அவர்களுடைய இஹவ் என்ற தளம் நிறைய இப்படிப்பட்ட பக்கங்கள். எழுதுகிறவருக்குத் தலைப்பின் மேல் ஆசையோ அனுபவமோ இருக்கவேண்டியதில்லை. 15 டாலருக்குக் கட்டுபடியாக வேண்டுமென்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் பலர் பத்திரிகை வேலை தேய்ந்துகொண்டிருந்த காலத்தில் எழுத்தை விட மனமில்லாமல் அங்கே வந்தவர்கள்.

2011 ஜனவரியில் டிமாண்ட் மீடியா நியூயார்க் பங்குச்சந்தையில் இறங்கியது. முதல் நாளில் அதன் சந்தை மதிப்பு 150 கோடி டாலரைத் தாண்டி, நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பையும் மிஞ்சியது.

அடுத்த மாதமே, பிப்ரவரி 24 அன்று, கூகுளின் அமித் சிங்காலும் மேட் கட்ஸும் ஒரு மாற்றத்தை அறிவித்தார்கள். அமெரிக்கத் தேடல்களில் 11.8 விழுக்காட்டைப் பாதிக்கும் மாற்றம். அதை உருவாக்கிய பொறியாளர் நவ்நீத் பாண்டாவின் பெயரால் அதைப் பாண்டா என்று அழைத்தார்கள். மேலோட்டமான பக்கங்களைக் கீழே தள்ளுவதுதான் நோக்கம். கலக்கானிஸ் அப்போது மகாலோ என்ற புதிய தளத்தை நடத்திக்கொண்டிருந்தார். அடி விழுந்ததும் ஊழியர்களில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தார். இஹவ் முதல் சுற்றில் தப்பித்தது. ஏப்ரலில் வந்த இரண்டாவது சுற்றில் மாட்டிக்கொண்டது. பிறகு பழைய கட்டுரைகளைக் கொத்துக் கொத்தாகத் தானே நீக்கியது.

மே மாதம் சிங்கால் தள உரிமையாளர்களுக்கென்று 23 கேள்விகளை வெளியிட்டார். அவற்றில் ஒன்று, இந்தத் தலைப்புகள் வாசகரின் உண்மையான ஆர்வத்திலிருந்து வந்தவையா, அல்லது தேடுபொறியில் எது மேலே வரும் என்று ஊகித்து எழுதப்பட்டவையா என்று கேட்டது. மிகச் சரியான கேள்வி. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் இன்னொன்றும் இருந்தது. எது மேலே வரும் என்று ஊகித்து எழுதுவதற்குக் கூலி கொடுத்தது ஆட்சென்ஸ். கூகுளே சொன்ன கணக்குப்படி, அந்தப் பக்கங்களில் விழுந்த ஒவ்வொரு டாலரிலும் 32 சென்ட் எட்டு ஆண்டுகளாகக் கூகுளுக்கே போய்க்கொண்டிருந்தது. சிங்காலின் 23 கேள்விகளில் அதைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

(தொடரும்)